பரம்பரைச் சொத்தாக வந்த வைரஸ்

பூச்சிகளின் மரபணுத் தொகுதியில் கணிசமான பங்கு, அந்தப் பூச்சிக்கென்று எந்த வேலையும் செய்யாத டி.என்.ஏ. துண்டுகளால் ஆனது. அவை அறிந்த தொழில் ஒன்றுதான்: தம்மைப் பெருக்கிக்கொண்டு, குரோமோசோமில் வேறோர் இடத்தில் போய்ச் செருகிக்கொள்வது. தாவும் மரபணுக்கள் என்றும் டிரான்ஸ்போசான்கள் என்றும் இவற்றைச் சொல்வார்கள். இவற்றுள் ஒரு பிரிவு, அமைப்பிலும் பெருகும் விதத்திலும் ரெட்ரோவைரஸ்களை ஒத்திருக்கிறது. எச்.ஐ.வி. சேர்ந்திருப்பது அந்த வைரஸ் குடும்பத்தில்தான். வைரஸ் வெளியிலிருந்து வந்து தொற்றும். இவையோ தாய் தந்தையிடமிருந்து பரம்பரையாக வருகின்றன. இந்த வேறுபாடுகூட எல்லா இடத்திலும் செல்லாது என்பதைப் பழ ஈயில் நடந்த ஆய்வுகள் காட்டிவிட்டன.

வீட்டில் வாழைப்பழம் கொஞ்சம் கனிந்துவிட்டால் எங்கிருந்தோ வந்து மொய்க்கும் சிவந்த கண் கொண்ட சின்ன ஈயின் விலங்கியல் பெயர் டிரோசோபிலா மெலனோகாஸ்டர். அதன் மரபணுத் தொகுதி சுமார் 18 கோடி டி.என்.ஏ. எழுத்துகள் நீளம். 2000ஆம் ஆண்டில் அது படித்து வெளியிடப்பட்டது. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தாவும் துண்டுகள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவில் இந்தப் பங்கு பாதியை நெருங்குகிறது. கூட்டம் கூட்டமாகப் படையெடுக்கும் வெட்டுக்கிளியின் மரபணுத் தொகுதி 650 கோடி எழுத்துகள். மனிதனுடையதைப்போல் இரு மடங்கு. இதனால் வெட்டுக்கிளி நம்மைவிடச் சிக்கலான உயிர் என்று ஆகிவிடாது. தாவும் துண்டுகள் அதற்குள் பெருகிக்கொண்டே போயின. பழையவற்றைக் களையும் வேகம் குறைந்துபோனது. அவ்வளவுதான். இதற்கு நேர்மாறாக, அண்டார்டிகாவில் வாழும் இறகற்ற சிறு பூச்சியான பெல்ஜிகாவின் மரபணுத் தொகுதி 10 கோடி எழுத்துகளைக்கூட எட்டவில்லை. அதில் தாவும் துண்டுகள் ஒரு சதவீதம்கூடத் தேறாது.

மரபணு இடம்விட்டு இடம் தாவும் என்று முதலில் சொன்னவர் அமெரிக்கரான பார்பரா மெக்ளின்டாக். 1940களில் மக்காச்சோள மணிகளில் தோன்றும் நிறத் திட்டுகளை ஆராய்ந்து இந்த முடிவுக்கு வந்தார். அதற்கான நோபல் பரிசு 1983இல், அவருடைய 81ஆவது வயதில் கிடைத்தது. ஆனால் அவருக்கும் முன்பே, தாவும் துண்டு ஒன்றின் கைவேலை ஆய்வுக்கூடத்தில் எல்லோர் கண்ணிலும் பட்டிருந்தது. இன்னதென்று யாருக்கும் தெரியவில்லை. 1910இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன், சிவப்புக் கண் ஈக்களுக்கு நடுவே வெள்ளைக் கண் கொண்ட ஓர் ஆண் ஈயைக் கண்டார். மரபணுக்கள் குரோமோசோமில்தான் இருக்கின்றன என்ற கொள்கை அந்த ஈயின் சந்ததியை வைத்துத்தான் உறுதிப்பட்டது. பல பத்தாண்டுகள் கழித்து அந்த மரபணுவைப் படித்துப் பார்த்தபோது, அதை இயக்கும் முகப்புப் பகுதியில் 'டாக்' என்ற தாவும் துண்டு செருகி உட்கார்ந்திருந்தது. மரபியலின் மிகப் புகழ்பெற்ற ஈ, ஒரு தாவலின் விளைவு.

தாவும் துண்டுகளில் இரண்டு பெரும் வகைகள் உண்டு. ஒரு வகை, இருக்கும் இடத்திலிருந்து தன்னை வெட்டி எடுத்து இன்னோர் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு வகை இருந்த இடத்தைவிட்டு அசையாது. தன்னை ஆர்.என்.ஏ.வாக நகலெடுக்கும், அந்த ஆர்.என்.ஏ.வை மீண்டும் டி.என்.ஏ.வாக மாற்றி, புதுப் பிரதியை வேறு இடத்தில் செருகும். இரண்டாவது வகைக்கு ரெட்ரோடிரான்ஸ்போசான் என்று பெயர். ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. எழுதும் நொதியை ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் 1970இல் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். இருவரும் அதை வைரஸ்களில்தான் கண்டார்கள். பிறகு பழ ஈயின் சொந்த டி.என்.ஏ.வுக்குள்ளேயே அதே நொதிக்கான மரபணு நூற்றுக்கணக்கான இடங்களில் கிடக்கக் கண்டபோது ஆய்வாளர்கள் திகைத்ததில் வியப்பில்லை.

வைரஸோடு உள்ள ஒற்றுமை நொதியோடு நிற்கவில்லை. 'ஜிப்சி' என்று பெயரிடப்பட்ட துண்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் நீளம் சுமார் 7,500 எழுத்துகள். இரு முனைகளிலும் ஒரே வரிசை திரும்ப வருகிறது, ரெட்ரோவைரஸிலும் அப்படியே. நடுவில் மூன்று மரபணுக்கள். காக் என்பது உறைக்கூட்டைக் கட்டும் புரதத்துக்கானது. போல் என்பது நகலெடுக்கும் நொதிக்கும், செருகும் நொதிக்கும் உரியது. என்வ் என்பது செல்லின் வெளிச்சவ்வில் ஒட்டி உள்ளே நுழைய உதவும் மேலுறைப் புரதத்துக்கானது. ரெட்ரோவைரஸிலும் இதே மூன்று, இதே வரிசையில் இருக்கின்றன.

ஜிப்சி பெருகும் விதத்தை அடுக்கிச் சொன்னால் வைரஸ் பாடத்தைப் படிப்பதுபோலவே இருக்கும். ஈயின் செல் தன் சொந்த மரபணுவைப் படிக்கும் அதே கருவிகளால் ஜிப்சியையும் படித்து ஆர்.என்.ஏ. எழுதுகிறது. அந்த ஆர்.என்.ஏ. உட்கருவைவிட்டு வெளியே வருகிறது. அதிலிருந்து காக் புரதங்கள் தயாராகி, ஒன்றோடொன்று இணைந்து உருண்டைக் கூடாகின்றன. கூட்டுக்குள்ளேயே ஆர்.என்.ஏ., டி.என்.ஏ.வாக மாற்றப்படுகிறது. அது உட்கருவுக்குத் திரும்ப, செருகும் நொதி குரோமோசோமை வெட்டி அதைப் புகுத்திவிடுகிறது. என்வ் இல்லாத 'கோப்பியா' என்ற துண்டுகூட இப்படிக் கூடு கட்டுகிறது. கோப்பியாவின் ஆர்.என்.ஏ.வைச் சுமந்த அந்த வைரஸ் போன்ற உருண்டைகளைப் பற்றிய ஆய்வை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1983இல் வெளியிட்டார்கள்.

இப்படிப் புகுந்த துண்டு எங்கே உட்காருகிறது என்பதைப் பொறுத்தது ஈயின் தலைவிதி. எட்வர்ட் லூயிஸ் உருவாக்கிய நான்கு சிறகு ஈ உலகப் புகழ் பெற்றது. ஈக்கு இரண்டு சிறகுகள்தான் உண்டு. பின் சிறகுகள் இருக்க வேண்டிய இடத்தில், பறக்கும்போது சமநிலை காக்கும் இரு சிறு குமிழ்கள் இருக்கும். லூயிஸின் ஈயில் அந்தக் குமிழ்கள் முழுச் சிறகுகளாக மாறியிருந்தன. உடலின் எந்தப் பகுதி எதுவாக வளர வேண்டும் என்று ஆணையிடும் மரபணுக்களைத் திறந்து காட்டிய இந்த வேலைக்கு 1995இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த நான்கு சிறகுக்காகச் சேர்க்கப்பட்ட மரபு மாற்றங்களில் ஒன்று, ஜிப்சி புகுந்து உட்கார்ந்ததால் வந்தது. இது கெடுதலா, நன்மையா என்றால், ஈக்குக் கெடுதல், மரபியலுக்கு நன்மை.

இனி முக்கியமான கேள்வி. ஜிப்சியிடம் என்வ் இருக்கிறது. அது வெறும் அலங்காரமா, அல்லது ஜிப்சி உண்மையிலேயே ஓர் ஈயிலிருந்து இன்னோர் ஈக்குத் தொற்றுமா? 1994இல் இரண்டு குழுக்கள், ஒன்று பிரான்ஸில், மற்றது அமெரிக்காவில், இதற்கு விடை சொல்லின. பிரெஞ்சு ஆய்வில் கையாண்ட உத்தியைச் சற்று விரிவாகவே சொல்லலாம். ஓவோ என்ற மரபணுவில் குறிப்பிட்ட ஒரு மாற்றம் இருந்தால் பெண் ஈக்கு முட்டையே வளராது, அது மலடு. ஆனால் ஜிப்சிக்கு ஓவோ மீது தனி நாட்டம். போகிற போக்கில் அங்கேதான் அடிக்கடி போய் உட்காரும். அப்படி உட்கார்ந்தால் கெட்டுப்போன அந்த ஓவோ பிரதி செயலிழக்கிறது. மலடாக இருக்க வேண்டிய ஈ முட்டையிடுகிறது. ஆகவே ஜிப்சி தாவுகிறதா என்று அறிய நுண்ணோக்கி வேண்டாம், டி.என்.ஏ. படிக்க வேண்டாம். எத்தனை மலட்டு ஈக்கள் முட்டையிட்டன என்று எண்ணினால் போதும்.

தாவும் ஜிப்சி இல்லாத ஈ வகை ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். ஜிப்சி தாவிக்கொண்டிருக்கும் வகையின் கூட்டுப்புழுக்களை அரைத்து, அந்தச் சுத்தமான வகையின் புழுக்களுக்குத் தீனியில் கலந்து கொடுத்தார்கள். இன்னொரு சோதனையில், ஒரு வகையின் முட்டைச் சாற்றை எடுத்து மறு வகையின் கருவுக்குள் ஊசியால் செலுத்தினார்கள். இரண்டிலுமே ஜிப்சி புது ஈக்களின் மரபணுத் தொகுதியில் குடியேறிவிட்டது. முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு ரெட்ரோவைரஸ் கிடையாது என்று அதுவரை பாடநூல்கள் சொல்லிவந்தன. அந்த வரியை அந்த ஆண்டோடு அடித்துவிட வேண்டியதாயிற்று. வைரஸ்களை வகைப்படுத்தும் பன்னாட்டுக் குழு இன்று ஜிப்சியை மெட்டாவிரிடே குடும்பத்தில் எர்ரன்டிவைரஸ் என்ற பேரினத்தில் வைத்திருக்கிறது. ஈயின் மரபணுத் தரவுத்தளமோ அதே ஜிப்சியைத் தாவும் மரபணுக்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. இரண்டும் சரிதான். ஓர் ஈ வகையில் அது அசையாத மரபணுத் துண்டு, மற்றொன்றில் தொற்றும் வைரஸ்.

அந்த என்வ் ஜிப்சிக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதும் தெரிந்துவிட்டது. அது களவாடிய சொத்து. பக்குலோவைரஸ் என்ற பூச்சி வைரஸ்களின் மேலுறைப் புரதமும் ஜிப்சியின் என்வும் ஒரே வம்சம். பக்குலோவைரஸ் தமிழக விவசாயிகளுக்கும் புதிதல்ல. பருத்தியிலும் துவரையிலும் காய்ப்புழுவுக்கு எதிராகவும், நிலக்கடலையில் புரொடீனியா புழுவுக்கு எதிராகவும் மாலை வேளையில் தெளிக்கச் சொல்லும் என்.பி.வி. கரைசல் இந்தக் குடும்பத்து வைரஸ்தான். தொற்றிய புழு செடியின் உச்சிக்கு ஏறி, தலைகீழாகத் தொங்கி, உடல் கூழாகிச் சாகும். அப்படிப்பட்ட ஒரு வைரஸின் மேலுறை மரபணு என்றோ ஒரு நாள் ஒரு ரெட்ரோடிரான்ஸ்போசானின் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்ள, செல்லுக்குள் மட்டுமே சுற்றிக்கொண்டிருந்த துண்டுக்கு வெளியே போகும் வழி பிறந்தது.

கொடுக்கல் வாங்கல் மறுபக்கமும் நடக்கிறது. முட்டைக்கோசைத் தின்னும் டிரைகோபிளூசியா என்ற அந்துப்பூச்சியின் செல்களில் பக்குலோவைரஸை வளர்த்துவந்தபோது, 1982இல் அந்த வைரஸின் டி.என்.ஏ.வுக்குள் பூச்சியின் ரெட்ரோடிரான்ஸ்போசான் ஒன்று குதித்து உட்கார்ந்திருப்பது தெரியவந்தது. அதற்கு டெட் என்று பெயர். அதுவும் ஜிப்சியின் உறவினம்தான். இது ஏதோ அபூர்வ நிகழ்ச்சி என்று முதலில் கருதினார்கள். பின்னாளில் அந்துப்புழுக்களில் வளர்ந்த பக்குலோவைரஸ்களை ஆயிரக்கணக்கில் படித்துப் பார்த்தபோது, சராசரியாக நூற்றுக்கு ஐந்தையொட்டிய வைரஸ்கள் பூச்சியின் டி.என்.ஏ.வைச் சுமந்துகொண்டிருந்தன. ஒரு பூச்சியின் தாவும் துண்டு வைரஸில் ஏறி, வேறு இனப் பூச்சியில் இறங்க இது நல்ல வாகனம். 195 பூச்சி இனங்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2017இல் வெளியான ஓர் ஆய்வு, இனம் விட்டு இனம் தாவிய நிகழ்ச்சிகள் குறைந்தது 2,248 என்று கணக்கிட்டது.

இத்தனை கூட்டம் உள்ளே இருந்தும் ஈ எப்படிப் பிழைக்கிறது? இதற்கு விடை எக்ஸ் குரோமோசோமில், மரபணுக்கள் அதிகம் இல்லாத ஒரு பகுதியில் கிடைத்தது. ஜிப்சி சில ஈ வகைகளில் மட்டும் ஏன் வெறிகொண்டு தாவுகிறது என்று தேடிய பிரெஞ்சு ஆய்வாளர்கள், 1995இல் அதை அடக்கும் இடம் ஒன்று உண்டென்று காட்டி அதற்கு ஃபிளமென்கோ என்று பெயரிட்டார்கள். அந்த இடத்தில் புரதம் தயாரிக்கும் மரபணு எதுவும் இல்லை என்பது பெரும் புதிராக இருந்தது. 2007இல் அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் கிரகரி ஹானனின் குழு அந்தப் புதிரை அவிழ்த்தது. ஃபிளமென்கோ சுமார் 1,80,000 எழுத்து நீளத்துக்கு விரிந்து கிடக்கும் பழைய தாவும் துண்டுகளின் குவியல். ஜிப்சி, ஐடிஃபிக்ஸ், சாம் என்று உடைந்தும் சிதைந்தும் போன துண்டுகள், பெரும்பாலும் தலைகீழாகத் திரும்பிய நிலையில், ஒன்றன்மேல் ஒன்றாக அங்கே கிடக்கின்றன. பிடிபட்ட திருடர்களின் படங்களை ஒட்டிவைத்த காவல் நிலையப் பலகை என்று அதைச் சொல்லலாம்.

இந்தக் குவியலைச் செல் ஒரே நீண்ட ஆர்.என்.ஏ.வாக எழுதி, பிறகு அதை 23 முதல் 29 எழுத்து நீளமுள்ள சிறு துணுக்குகளாக நறுக்குகிறது. ஒவ்வொரு துணுக்கும் பிவி என்ற புரதத்தோடு சேர்கிறது. குவியலில் துண்டுகள் தலைகீழாக இருப்பதால், துணுக்கின் எழுத்துகள் உயிருள்ள ஜிப்சியின் ஆர்.என்.ஏ.வோடு சரியாக இணை சேரும். பிவி அந்த இணையை வைத்து, எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் ஜிப்சியை உட்கருவுக்குள்ளேயே அடையாளம் கண்டு, அந்த இடத்து டி.என்.ஏ.வை இறுக்கமாகச் சுருட்டிப் பூட்டிவிடுகிறது. இந்தத் துணுக்குகளுக்குப் பை-ஆர்.என்.ஏ. என்று பெயர். புதிதாக வரும் தாவும் துண்டு எங்கெங்கோ குதித்துக்கொண்டிருக்கும். என்றாவது ஒரு நாள் இப்படிப்பட்ட ஒரு குவியலுக்குள் குதித்துவிட்டால் அதோடு அதன் ஆட்டம் முடிந்தது. அதன் எழுத்துகளே அதற்கு எதிரான துணுக்குகளாகிவிடும். பூச்சியின் உடல் வைரஸை அடக்க வைரஸின் பிணத்தையே ஆயுதமாக்கிக்கொள்கிறது. பரிணாமம் செய்த சாமர்த்தியங்களில் இதைவிடச் சிக்கனமான ஒன்றைக் காட்டுவது கடினம்.

ஃபிளமென்கோ வேலை செய்யும் இடத்தைக் கவனித்தால் எதிரியின் தந்திரமும் புரியும். சூலகத்தில் வளரும் முட்டையைச் சுற்றி ஓர் அடுக்குச் செல்கள் உறைபோல நிற்கும். முட்டைக்கு அவை துணை; அடுத்த தலைமுறைக்கு அவற்றின் டி.என்.ஏ. போகாது. ஜிப்சி பெருகத் தேர்ந்தெடுப்பது இந்தச் செல்களைத்தான். இங்கே மட்டும் தாவிக்கொண்டிருந்தால் ஈயோடு அதுவும் செத்துவிடும். எனவே இங்கே துகள்களாகத் திரண்டு, பக்கத்திலிருக்கும் முட்டைக்குள் நுழைய வேண்டும். செல்லுக்கு வெளியே போகும் வழி ஜிப்சிக்கு எதற்குப் பயன்படுகிறது என்பது இங்கே விளங்குகிறது. ஈயும் அதே செல்களில்தான் ஃபிளமென்கோவைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறது.

காவல் இல்லாத இடத்தில் புதுத் துண்டு நுழைந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பி என்ற துண்டின் கதை சாட்சி. இது வெட்டி ஒட்டும் வகை, வைரஸ் போன்றதல்ல. ஆனால் தாவும் துண்டுகளின் படையெடுப்பு எதுவும் இவ்வளவு கண்ணெதிரே நடந்ததில்லை. 1970களில் மார்கரெட் கிட்வெல்லும் சக ஆய்வாளர்களும் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். காட்டில் பிடித்த ஆண் ஈயை, ஆய்வுக்கூடத்தில் பல பத்தாண்டுகளாக வளர்ந்துவந்த பெண் ஈயோடு சேர்த்தால் பிறக்கும் குஞ்சுகள் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் மலடு. வெப்பமான இடத்தில் வளர்த்தால் சூலகம் சூம்பியே போய்விடும். காட்டுப் பெண்ணை ஆய்வுக்கூட ஆணோடு சேர்த்தாலோ ஒரு கோளாறும் இல்லை. மரபணுக்கள் இரண்டு கலப்பிலும் ஒன்றுதான். தாய் யார் என்பது மட்டுமே வேறு.

காட்டு ஈக்களிடம் பி இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிடித்து வளர்த்த ஆய்வுக்கூட வகைகளிடம் அது இல்லை. அதாவது ஆய்வாளர்கள் குப்பிகளில் ஈ வளர்த்துக்கொண்டிருந்த அதே சில பத்தாண்டுகளில், வெளியே உலகம் முழுவதும் பழ ஈக்களைப் பி பிடித்துவிட்டது. அது வந்தது அமெரிக்கக் கண்டத்தில் வாழும் டிரோசோபிலா வில்லிஸ்டோனி என்ற வேறோர் இனத்திலிருந்து. இரண்டு இனங்களின் பி துண்டுகளையும் ஒப்பிட்டால் 2,907 எழுத்துகளில் ஒரே ஒரு எழுத்துதான் மாறியிருக்கிறது. ஈ முட்டைகளைக் குத்தி உறிஞ்சும் ஒரு சிலந்திப்பேன், ஒரு முட்டையில் உறிஞ்சிய வாயோடு மறு முட்டையைக் குத்தியதில் இது பரவியிருக்கலாம் என்று 1991இல் ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது. தாயின் பங்கு என்ன என்பது 2008இல் தெளிந்தது. காட்டுத் தாய் தன் முட்டைக்குள் பி-க்கு எதிரான பை-ஆர்.என்.ஏ. துணுக்குகளைப் போட்டு அனுப்புகிறாள். ஆய்வுக்கூடத் தாயிடம் அவை இல்லை. தாயிடமிருந்து நோயெதிர்ப்புச் சக்தி வருவது பாலூட்டிகளுக்கு மட்டும் உரியதென்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது நல்ல பாடம். பி இதோடு ஓயவும் இல்லை. டிரோசோபிலா சிமுலன்ஸ் என்ற நெருங்கிய இனத்தை அது இந்த நூற்றாண்டில்தான் பிடித்திருக்கிறது. அந்தச் செய்தி 2015இல் வெளியானது.

தாவும் துண்டுகளால் பூச்சிகளுக்கு நன்மையே இல்லையா என்றால், உண்டு. அவை நினைத்துச் செய்ததல்ல; தற்செயலாக விழுந்ததைப் பூச்சிகள் பிடித்துக்கொண்டன. இங்கிலாந்தில் ஆலைப்புகை படிந்த காலத்தில் பெருகிய கறுப்பு அந்துப்பூச்சி பள்ளிப் பாடத்தில் வரும். அந்தக் கறுப்புக்குக் காரணம் சுமார் 22,000 எழுத்து நீளமுள்ள ஒரு தாவும் துண்டு என்று 2016இல் கண்டறிந்தார்கள். அது செருகியது 1819ஐ ஒட்டி நடந்திருக்கும் என்பது அவர்களின் மதிப்பீடு. டி.டி.டி. தெளித்தும் சாகாத பழ ஈக்களில், நச்சை முறிக்கும் ஒரு மரபணுவின் முன்னால் அக்கார்டு என்ற ரெட்ரோடிரான்ஸ்போசான் செருகி அதன் வேலையைப் பன்மடங்காக்கியிருந்தது. பழ ஈயின் குரோமோசோம் முனைகளைப் பாதுகாப்பதும் தாவும் துண்டுகளே. மற்ற உயிர்களில் பல இதற்கு டெலோமரேஸ் என்ற நொதியை வைத்திருக்கின்றன. ஈ அதை இழந்துவிட்டது. முனை தேயும்போதெல்லாம் ஹெட்-ஏ, டார்ட், டாஹ்ரே என்ற மூன்று ரெட்ரோடிரான்ஸ்போசான்கள் போய் அங்கே ஒட்டிக்கொள்கின்றன.

பட்டுப்புழுவில் ஆண், பெண் தீர்மானமே இந்தப் போரின் மிச்சத்தில் நிற்கிறது. பெண்ணுக்கு மட்டும் உள்ள டபிள்யூ குரோமோசோம் தாவும் துண்டுகள் நிறைந்த குப்பைமேடு. அங்கிருந்து வரும் ஒரே ஒரு பை-ஆர்.என்.ஏ. துணுக்கு, ஆணாக வளரச் சொல்லும் மரபணுவின் ஆர்.என்.ஏ.வை வெட்டிவிடுகிறது, கரு பெண்ணாகிறது. டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை 2014இல் வெளியிட்டார்கள். தாவும் துண்டுகளை ஒடுக்க உருவான கருவி, வேறொரு வேலைக்குப் பயன்பட்டிருக்கிறது.

இவற்றையெல்லாம் மிஞ்சியது நரம்பு மண்டலத்தில் கிடைத்தது. நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஆர்க் என்ற புரதம் பாலூட்டிகளிலும் உண்டு, ஈயிலும் உண்டு. 2018இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலும் யூட்டாவிலும் இருந்த இரு குழுக்கள் ஒரே நேரத்தில் ஒன்றைக் கண்டன. ஆர்க் புரதங்கள் சேர்ந்து வைரஸ் கூட்டைப்போல உருண்டையாகின்றன. தம் சொந்த ஆர்.என்.ஏ.வை உள்ளே அடைத்துக்கொண்டு செல்லைவிட்டு வெளியே போகின்றன. ஈயில் அவை நரம்பின் முனையிலிருந்து தசைக்குச் செல்கின்றன. ஆர்க், ஜிப்சி வகைத் துண்டுகளின் காக் மரபணுவிலிருந்து வந்தது. ஈயும் பாலூட்டிகளின் மூதாதையரும் இதைத் தனித்தனியே, வெவ்வேறு துண்டுகளிலிருந்து பழக்கியெடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் இதில் மிகவும் வியப்பானது. பழகாத ஜிப்சி மட்டும் இன்னும் ஆபத்தானதே. வயதான ஈக்களின் மூளையில் அது மீண்டும் விழித்துக்கொள்வதை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது.

மனிதன் தன் பங்குக்கு இவற்றைக் கருவியாக்கிக்கொண்டான். 1982இல் ஜெரால்டு ரூபினும் ஆலன் ஸ்பிராட்லிங்கும் பி துண்டுக்குள் கண் நிறத்துக்கான மரபணுவை வைத்து ஈயின் கருவுக்குள் செலுத்தி, முதன்முதலாக ஒரு பூச்சிக்குப் புது மரபணு கொடுத்தார்கள். பி பழ ஈயைத் தாண்டி வேலை செய்வதில்லை. அந்தக் குறையைத் தீர்த்தது, டெட் கிடைத்த அதே அந்துப்பூச்சியின் செல்களிலிருந்து பக்குலோவைரஸுக்குள் குதித்த இன்னொரு துண்டு. பிக்கிபேக் என்ற அது பட்டுப்புழு, கொசு, எலி, மனிதச் செல் என எங்கும் வேலை செய்கிறது. 2000ஆம் ஆண்டில் ஜப்பானில் பட்டுப்புழுவின் மரபணுவை மாற்றியது இதை வைத்துத்தான்.

கடைசியாக, நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் வளரும் கொசுவிடம் திரும்பலாம். ஏடிஸ் எஜிப்தி கொசுவின் மரபணுத் தொகுதியில் ரெட்ரோவைரஸ் அல்லாத வைரஸ்களின் துண்டுகளும் பதிந்திருக்கின்றன. டெங்குவின் உறவினமான ஃபிளேவிவைரஸ்கள் அவற்றில் முக்கியமானவை. இந்த வைரஸ்களுக்கு ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக்கும் நொதி கிடையாது. அந்த வேலையைச் செய்துகொடுப்பது கொசுவின் சொந்த ரெட்ரோடிரான்ஸ்போசான்கள். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் 2013இல் பழ ஈக்களை வைத்து இதைச் சோதித்தார்கள். வைரஸ் தொற்றிய ஈக்களுக்கு அந்த நொதியை முடக்கும் ஏ.இசட்.டி. என்ற எச்.ஐ.வி. மருந்தைக் கொடுத்தபோது, வைரஸோடு ஒத்துவாழ்ந்திருக்க வேண்டிய ஈக்கள் செத்தன. தாவும் துண்டின் நொதியே ஈயின் உயிரைக் காத்துவந்திருக்கிறது.

கொசுவில் இந்த வைரஸ் துண்டுகள் பெரும்பாலும் ரெட்ரோடிரான்ஸ்போசான்களுக்குப் பக்கத்தில், பை-ஆர்.என்.ஏ. தயாராகும் குவியல்களுக்குள்ளேயே கிடக்கின்றன. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படிப்பட்ட ஒரு துண்டை ஏடிஸின் மரபணுத் தொகுதியிலிருந்து வெட்டி நீக்கினார்கள். அதற்கு ஒத்த வைரஸ் கொசுவின் சூலகத்தில் முன்னைவிட அதிகமாகப் பெருகியது. கொசு தனக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளும் முறை இது. ஆனால் ஏடிஸிடம் இதுவரை கண்டறிந்த துண்டுகளில் பெரும்பாலானவை பூச்சிகளை மட்டும் தாக்கும் வைரஸ்களுடையவை. மனிதனைப் படுக்கையில் தள்ளும் டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களுடையவை அல்ல.